எந்த அணுவை அசைக்கச் சொல்லி வேண்டினேன்?

"அவனன்றி ஓர் அணுவும் அசையாது." இதைக் கேட்டு வளராத தமிழர் குறைவு. நானும் கேட்டு, சொல்லி, நம்பி வளர்ந்தேன். பிறகு இயற்பியல் படித்தேன். அணு எதனால் எப்படி அசைகிறது என்பதற்கு அங்கே சமன்பாடுகள் இருந்தன. அவற்றில் எந்த வரியிலும் "அவன்" வரவில்லை.

இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என்னால் அது முடியவில்லை. நான் கடவுளை நம்புகிறேன், வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்வது என்றால், உலகத்தில் ஏதோ ஒன்று வேறுமாதிரி நடக்க வேண்டும் என்று கேட்பது. வேறுமாதிரி நடப்பது என்றால், எங்கோ ஏதோ ஒரு மூலக்கூறு இப்படிப் போகாமல் அப்படிப் போக வேண்டும். அப்படியானால் கடவுள் அதை எங்கே தொடுகிறார்? இயற்பியல் அதற்கு இடம் விட்டிருக்கிறதா? இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை.

இதை நியூட்டனிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஈர்ப்பு விதியைக் கண்டு சொன்ன அதே மனிதர், அந்த விதி மட்டும் போதாது என்றும் சொன்னார். கோள்களைச் சூரியன் மட்டும் இழுப்பதில்லை. கோள்கள் ஒன்றையொன்றும் இழுத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய இழுப்புதான். ஆனால் காலப்போக்கில் சேர்ந்து சேர்ந்து பாதைகள் குலையும், அப்போது இந்த அமைப்புக்கு ஒரு சீரமைப்பு தேவைப்படும் என்று தன் ஒளியியல் நூலின் இறுதிப் பகுதியில் எழுதினார். சீரமைப்பது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸுக்கு இது பிடிக்கவில்லை. 1715-இல் வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டது இதுதான்: தான் செய்த கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுத்து, துடைத்து, பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறவரா கடவுள்? அது படைத்தவரின் திறமைக்கே இழுக்கு அல்லவா? நியூட்டன் தரப்பில் சாமுவேல் கிளார்க் பதில் எழுதினார். கடவுளின் ஆட்சி இல்லாமலே உலகம் தானாக ஓடும் என்றால், அவர் பெயருக்கு மட்டும் அரசர் என்று ஆகிவிடுமே என்பது அவர் கவலை. அடுத்த ஆண்டு லைப்னிட்ஸ் இறக்கும்வரை கடிதங்கள் போய்வந்தன. இந்தச் சண்டையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இடையிடையே வந்து திருத்துகிற கடவுள், தன் வேலையைச் சரியாகச் செய்யாதவர் போலத் தெரிகிறார். ஒருபோதும் வராத கடவுளோ இருந்தும் இல்லாதவர் போல ஆகிவிடுகிறார். முந்நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் இதே இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் அல்லாடுகிறோம்.

நியூட்டனின் கவலைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பழைய வானியல் பதிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டபோது வியாழன் மெல்ல வேகமெடுப்பதும் சனி மெல்ல வேகம் குறைவதும் தெரிந்தது. அப்படியே போனால் ஒன்று சூரியனை நோக்கி நெருங்கும். மற்றொன்று விலகிக்கொண்டே போகும். இந்தச் சிக்கலை 1785-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் அவிழ்த்தார். சனி சூரியனை இரண்டு முறை சுற்றும் காலத்தில் வியாழன் ஏறத்தாழ ஐந்து முறை சுற்றிவிடுகிறது. துல்லியமாக ஐந்து இல்லை; ஆனால் கிட்டத்தட்ட. அதனால் அவை ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு, திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதே இடங்களில் விழுந்து சேர்ந்துகொண்டே போகிறது. பிறகு அந்த இடங்களே மெதுவாக நகர்வதால் எதிர்த்திசையில் சேரத் தொடங்குகிறது. சுமார் 900 ஆண்டுகளில் ஒரு சுழற்சி முடிந்து கணக்கு நேராகிறது. யாரும் கைவைக்க வேண்டியதில்லை. உங்கள் நூலில் கடவுள் எங்கே என்று நெப்போலியன் கேட்டபோது "அந்தக் கருதுகோள் எனக்குத் தேவைப்படவில்லை" என்று லாப்லாஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையின் உண்மை எப்படி இருந்தாலும், அவருடைய கணிதம் சொன்னது அதைத்தான்.

பலர் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கு அடுத்த பகுதிதான் முக்கியம். மூன்று வான்பொருள்கள் ஈர்ப்பால் பிணைந்திருந்தாலே அவற்றின் போக்கு நம் கணக்குக்குள் அடங்காத அளவுக்குச் சிக்கலாகலாம் என்று 1890 வாக்கில் கணிதவியலாளர் பாயின்கரே காட்டினார். 1989-இல் வானியலாளர் ஜாக் லாஸ்கர் கணினியில் கணக்கிட்டு, சூரியக் குடும்பத்தின் உட்கோள்களின் பாதைகள் கேயாஸ் தன்மை (சிறு மாறுதலும் போகப்போகப் பெருகிவிடும் தன்மை) உடையவை என்றார். பூமியின் இன்றைய இருப்பிடத்தை வெறும் 15 மீட்டர் தவறாக அளந்தால் போதும், 10 கோடி ஆண்டுகள் கழித்து அது தன் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது. 2009-இல் அவரும் கஸ்டினோவும் 2,500-க்கும் மேற்பட்ட கணினி ஓட்டங்களில், புதனின் பாதை வரும் 500 கோடி ஆண்டுகளுக்குள் அபாயகரமாக நீள்வதற்குச் சுமார் 1 சதவீத வாய்ப்பு இருப்பதைக் கண்டார்கள். அவற்றுள் சிலவற்றில் கோள்கள் ஒன்றோடொன்று மோதின.

அதாவது, நியூட்டன் பயந்தது ஒரு வகையில் நியாயம்தான். லாப்லாஸ் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. ஆனால் கோள்களைச் சீரமைக்க அந்த ஓட்டைக்குள் கடவுளை அழைத்துவர, எனக்குத் தெரிந்து, இந்த முறை யாரும் முன்வரவில்லை. கடவுளை நம்புகிறவர்கள்கூட முன்வரவில்லை. ஏன்? ஒழுங்கு எந்த விதியிலிருந்து வந்ததோ அதே விதியிலிருந்துதான் ஒழுங்கின்மையும் வருகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. நமக்கு விளங்காத இடம் கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் என்று நினைப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

இதைச் சமய நம்பிக்கையின் உள்ளிருந்தே தெளிவாகச் சொன்னவர்கள் உண்டு. நாஜிச் சிறையில் இருந்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், இயற்பியல் பற்றிய ஒரு நூலைப் படித்துவிட்டு 1944 மே மாதம் எழுதிய கடிதத்தில், நம் அறியாமையின் இடைவெளிகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால் அறிவு வளர வளர அவர் பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார். நாம் அறியாதவற்றில் தேடாமல் அறிந்தவற்றில் அவரைக் காண வேண்டும் என்பது அவர் வாதம். விரிவடையும் பேரண்டத்துக்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கணிதம் இந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது, அந்தப் பக்கமும் சொல்லாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனாலும் ஒரு இடைவெளி மட்டும் மற்றவற்றைப் போல் இல்லை. அதுதான் குவாண்டம், அணு அளவிலான உலகத்தின் இயற்பியல்.

இதைத் தூரத்தில் தேட வேண்டாம். நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நரம்பு துடிக்கவும் இதயம் அடிக்கவும் பொட்டாசியம் வேண்டும். அந்தப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது பொட்டாசியம்-40, கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைந்து முடிய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். அவ்வளவு மெதுவாகச் சிதைந்தாலும் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், வளர்ந்த ஒருவரின் உடலில் விநாடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட அணுக்கருக்கள் சிதைகின்றன. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள்ளும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது ஏன் இந்தக் கணத்தில் சிதைந்தது? அதன் பக்கத்திலிருந்த, அச்சு அசலாக அதே போன்ற இன்னொன்று ஏன் சிதையவில்லை? குவாண்டம் கோட்பாடு நிகழ்தகவைத் தரும், காரணத்தைத் தராது. "காரணம் உள்ளே ஒளிந்திருக்கும், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடவும் எளிதில் முடியாது. அப்படி ஒளிந்திருக்கும் காரணங்கள், ஒளியின் வேகத்தை மீறாமல் இடத்துக்கு இடம் இயங்குபவை என்று வைத்துக்கொண்டால், அளவீடுகளில் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1964-இல் ஜான் பெல் நிறுவினார். சோதனைகள் அந்த எல்லையைத் தாண்டின. அந்தச் சோதனைகளுக்காகத்தான் ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விதி சும்மா இருக்கும் இடம் இது. அப்படியானால் இங்கே தேர்ந்தெடுப்பது கடவுளாக இருக்கலாமே? இயற்பியலாளராக இருந்து குருவானவரும் ஆன வில்லியம் பொல்லார்டு 1958-இல் இதைத்தான் முன்வைத்தார். பிறகு ராபர்ட் ஜான் ரஸ்ஸல் போன்றவர்கள் இதை இன்னும் நுட்பமாக வளர்த்தார்கள். எந்த விதியையும் மீறாமல், எந்தக் கருவியிலும் பதிவாகாமல், கடவுள் ஒவ்வொரு குவாண்டம் நிகழ்விலும் செயல்படுகிறார் என்பது அவர்கள் கருத்து. "ஓர் அணுவும் அசையாது" என்பதற்கு இதைவிட நேரடியான இயற்பியல் உரை கிடையாது. முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்போது எனக்கு அது போதவில்லை. தொழில்நுட்ப ரீதியான தடைகள் சில உண்டு. டேவிட் போம் 1952-இல் முன்வைத்த வடிவத்தில் இதே குவாண்டம் கோட்பாட்டுக்கு முழுக்க முழுக்க விதிவசமான, அதாவது எதையும் தற்செயலுக்கு விடாத, ஒரு விளக்கம் இருக்கிறது. அது ஒளிந்திருக்கும் காரணங்களை ஏற்கிறது; இடத்துக்கு இடம் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. அது சரியென்றால் இடைவெளியே இல்லை. மேலும் நிகழ்வுகளின் மொத்தம் எப்போதும் அரை ஆயுள் கணக்குக்குள் அடங்க வேண்டும். கடவுள் ஒரு சிதைவைத் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுத்தால், சராசரி கெடாமலிருக்க மற்றவற்றை அதற்கேற்ப ஈடுகட்ட வேண்டும். எல்லாம் வல்லவர் என்று நாம் வணங்குகிறவர், புள்ளிவிவரத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஒளிந்து வேலை செய்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பெரிய தடை வேறு. பொட்டாசியம்-40 சிதையும்போது பெரும்பாலும் ஓர் எலக்ட்ரான் வேகமாக வெளியேறுகிறது. அது போகும் வழியில் ஒரு செல்லின் டி.என்.ஏ. இழையை உடைக்கக்கூடும். ஏறக்குறைய எல்லா நேரமும் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். எப்போதாவது சரியாகாமல் போகும். அந்த எப்போதாவதில் ஒன்று புற்றுநோயின் முதல் படியாகவும் ஆகலாம். ஒவ்வொரு சிதைவையும் கடவுளே தேர்ந்தெடுக்கிறார் என்று நான் சொன்னால், இந்தச் சிதைவையும் அவரே தேர்ந்தெடுத்தார் என்று சொல்லியாக வேண்டும். இந்த அணுக்கருவை, இந்தக் கணத்தில், இந்தக் குழந்தையின் எலும்பு மஜ்ஜைக்குள். குவாண்டம் இடைவெளி கடவுளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. திறந்த கையோடு, உலகத்தின் ஒவ்வொரு கட்டியையும் அவர் கையெழுத்தாக்கிவிடுகிறது.

பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி இதைத் தயங்காமல் சொன்னார்: நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை, கடவுளே எரிக்கிறார், நெருப்பும் எரிதலும் அடுத்தடுத்து வருவது அவருடைய வழக்கம். குவாண்டம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தர்க்கத்தில் அவரை மடக்குவது எளிதல்ல. அந்த நிலைப்பாட்டின் விலை முழுவதையும் கொடுக்க அவர் தயாராக இருந்தார். நான் தயாராக இல்லை.

கேயாஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு ஆங்கிலிகன் குருவான இயற்பியலாளர் ஜான் போல்கிங்ஹார்ன் அதில் நம்பிக்கை வைத்தார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கேயாஸ் சமன்பாடுகள் விதிவசமானவை. முன்கூட்டிச் சொல்ல முடியாமை நம்முடைய குறை. உலகத்தில் இருக்கும் திறப்பு அது இல்லை. இந்த எதிர்வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தி தரவில்லை.

இன்னொரு பக்கம், "கடவுள் தலையிட்டால் ஆற்றல் அழியாமை விதி உடைந்துவிடும், ஆகவே இயற்பியல் அதை அனுமதிக்காது" என்று அடித்துச் சொல்கிறவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த விதி எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராத அமைப்பில் ஆற்றல் மாறாது என்பதே விதி. உலகம் அப்படி மூடப்பட்ட அமைப்பா என்பதை அந்த விதி சொல்வதில்லை. அது நாம் வெளியிலிருந்து கொண்டுவருகிற அனுமானம். காலம் நகர்ந்தாலும் விதிகள் மாறாதிருக்கும் சமச்சீரிலிருந்துதான் ஆற்றல் அழியாமை வருகிறது என்று 1918-இல் கணிதவியலாளர் எம்மி நோதர் காட்டினார். விரிவடையும் பேரண்டத்தில் அந்தச் சமச்சீரே முழுமையாக இல்லை. பேரண்டத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது கிளம்பிய ஒளி இன்று ஆயிரம் மடங்குக்கு மேல் அலைநீளம் நீண்டு, அந்த அளவுக்கு ஆற்றல் குறைந்து வந்துசேர்கிறது. அந்த ஆற்றல் எங்கே போனது என்று கேட்டால், பொதுச் சார்பியலில் அதற்கு எளிய கணக்கு கிடையாது. இதைக் கடவுளுக்குச் சான்றாக நான் சொல்லவில்லை. இயற்பியல் போடாத தடையை இயற்பியலின் பெயரால் போடக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பயாப்ஸி செய்தார்கள். முடிவு வந்துவிட்டது, உறையில் இருக்கிறது, மருத்துவர் கூப்பிடுவார் என்று உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டிருந்தேன்: கெட்டதாக எதுவும் இருக்கக் கூடாது. பாதி வேண்டுதலில் எனக்குள் இருந்த இயற்பியல் மாணவன் விழித்துக்கொண்டான். அறிக்கை அச்சாகிவிட்டது. திசு பல நாட்களுக்கு முன்பே கண்ணாடித் தகட்டில் ஏறிவிட்டது. நான் கேட்பது, நடந்து முடிந்த ஒன்று நடக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று. எந்த அணுவை, எந்தத் தேதியில் அசைக்கச் சொல்லிக் கேட்கிறேன்?

வேண்டுதலை நான் நிறுத்தவில்லை. சிறப்புச் சார்பியலின்படி, "இப்போது" என்பது பேரண்டம் முழுவதற்கும் பொதுவானது இல்லை. ஒருவருக்கு எதிர்காலமாக இருக்கும் தொலைதூர நிகழ்வு, வேறு வேகத்தில் போகிற இன்னொருவருக்கு இறந்தகாலமாக இருக்கலாம். கடவுளுக்கு எல்லாக் காலமும் ஒருசேர விளங்கும் என்று ரோமானியத் தத்துவவாதி போயீதியஸ் ஆறாம் நூற்றாண்டிலேயே சொன்னதை, ஐன்ஸ்டைனுக்குப் பிறகு விளங்கிக்கொள்வது சற்று எளிது. அப்படியானால் என் வேண்டுதல் பிந்திவிட்டது என்று சொல்ல முடியாது. அது அவருக்கு எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த விடை எனக்குத் தர்க்கத்தில் ஓட்டை இல்லாததாகத் தெரிகிறது. மருத்துவர் கூப்பிட்டார். அறிக்கையில் இருந்தது நான் வேண்டாதது.

அன்றிலிருந்துதான் எனக்கு ஒன்று பிடிபடத் தொடங்கியது. நான் இயற்பியலிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இயற்பியல் பதில் சொல்லிவிட்டது: தடை இல்லை. விதிகள் என்ன நடக்கிறது என்பதன் ஒழுங்கைச் சொல்கின்றன. விதிகள் ஏன் இருக்கின்றன, அவற்றின்படி நடக்க ஏதாவது ஏன் இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் அக்வினாஸ் சொன்ன வழியில், கடவுள் காரணங்களின் வரிசையில் நிற்கும் இன்னொரு காரணம் இல்லை. காரணங்களுக்குக் காரணமாகும் ஆற்றலையே தருகிறவர். வியாழனின் இழுப்பு முழுக்க வியாழனுடையது. அது இருப்பதும் இழுப்பதும் முழுக்க அவரால். இருவரும் பாதிப் பாதி பங்குபோட்டுக்கொள்வதில்லை. சைவ சித்தாந்திகள் சூரியனைக் காட்டுவார்கள்: ஒரே சூரியனின் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது, சூரியன் எந்த விகாரமும் அடைவதில்லை. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒரு தொழிலாக அவர்கள் வைத்தது எனக்கு ஆழமாகப் படுகிறது. கருவியில் அகப்படாமை, அந்த நோக்கில், அவர் இல்லாததற்கு அடையாளம் இல்லை. அவர் செய்வதில் அதுவும் ஒன்று.

நான் நிற்கும் இடம் இதுதான். இடைவெளிகளை நம்பி இருக்கும் கடவுளைவிட இது எத்தனையோ மடங்கு பெரியது. புதன் பாதை மாறினாலும், நாளைக்கே குவாண்டத்துக்கு விதிவசமான விளக்கம் உறுதியானாலும் இது அசையாது.

ஆனால் சூரியனுக்குத் தாமரையைத் தெரியாது. வேண்டிக்கொள்கிறவருக்கு வேண்டியது, தன்னைத் தெரிந்த ஒருவர். எல்லாவற்றிலும் ஒரே சீராகச் செயல்படுகிறவர், என் அப்பாவின் விஷயத்தில் என்ன செய்தார் என்று கேட்டால், "எல்லாவற்றிலும் செய்வதையே" என்பதுதான் அந்தக் கோட்பாடு தரும் பதில். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதுமானதாக இல்லை. வினைப்பயன் என்று விளக்கும் மரபும் எனக்குத் தெரியும். ஒரு குழந்தையின் கட்டிலருகே நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மாறாத விதிகள் இல்லாவிட்டால் உடல்களே உருவாகியிருக்காது, புற்றுநோயைத் தரும் அதே மரபணு மாற்றம்தான் பரிணாமத்தையும் தந்தது என்ற வாதமும் உண்டு. அது உண்மை. உண்மையாக இருப்பதாலேயே அது ஆறுதல் ஆகிவிடாது.

கடவுளும் இயற்பியலும் ஒத்துப்போகுமா என்று என்னிடம் கேட்கிற இளைஞர்கள் பெரும்பாலும் குவாண்டத்தைப் பற்றித்தான் பேச வருகிறார்கள். பேசுவேன், எனக்குப் பிடித்த பேச்சு அது. ஆனால் பாதியிலேயே இதைச் சொல்லிவிடுவேன்: இடம் இருக்கிறதா என்பதில் எனக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது. இடம் இருந்தும் அந்த அறிக்கை ஏன் அப்படி இருந்தது என்பதில்தான் தீரவில்லை. அதை இயற்பியல் தீர்க்காது. தீர்க்க வேண்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது கடவுளிடமே கேட்க வேண்டிய கேள்வி. அப்பா இருந்தவரையும் கேட்டேன், போன பிறகும் கேட்கிறேன். இன்னமும் எதையும் பொதுவாகக் கேட்பதில்லை. இன்னார், இன்ன நோய், இந்த வாரம் என்று பெயர் சொல்லியே கேட்கிறேன்.